வண்டி ஸ்டார்ட் ஆவுதுங்களா?

காரமடையில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் சாவிக்கடை வைத்திருக்கும் தம்பி, ரிமோட் வேலை செய்யவில்லை என்று யார் போய் நின்றாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஏனுங்ணா, வண்டி ஸ்டார்ட் ஆவுதுங்களா?" ஆகிறது என்றால் ஸ்டூலைக் காட்டுவார். ஆகவில்லை என்றால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கே கிளம்பிவிடுவார். செலவு நூறு ரூபாய்க்குள்ளா, ஆயிரங்களிலா என்பது அந்தக் கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும்.

*

2000க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களின் சாவியில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் உண்டு. ஒன்று, சாவியின் பல். கதவையும் ஸ்டியரிங் பக்கத்து இக்னிஷன் பூட்டையும் திருப்புவது அது. இன்னொன்று, கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் சிப். இன்ஜின் ஓடலாமா கூடாதா என்பது அதன் பொறுப்பு. மூன்றாவது, பட்டன் வைத்த ரிமோட் போர்டு. கதவைப் பூட்டித் திறப்பதோடு அதன் அதிகாரம் தீர்ந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் மாதிரி இவை. ஒன்று படுத்தால் மற்ற இரண்டுக்கும் தெரியாது.

சிப்புக்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு காயில் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் அலை விடும். அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் வழிவிடும். எனவே சாவி போட்டுத் திருப்புகிற பழைய வண்டியில், "ரிமோட் பேட்டரி தீந்துபோச்சு, அதனாலதான் வண்டி எடுக்கல" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

*

பேட்டரி பற்றி. அதிகம் வருவது சிஆர் 2032. அந்த நம்பரே அளவுதான்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5, 2016 என்றால் 1.6. மூன்றும் 3 வோல்ட்தான், அகலமும் ஒன்றுதான். அதனால் 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025ஐப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் நாள் வேலை செய்யும். சாவி ஒருமுறை கீழே விழுந்ததும் தகடு தொடாமல் நின்றுபோகும். பிறகு ஒரு காகிதத்தை மடித்து அடியில் செருகி ஓட்டுவார்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம்: புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

கதவுக்கு ஒட்டி நின்று அமுக்கினால் திறக்கிறது, பத்தடி தள்ளி நின்றால் இல்லை என்றால் பேட்டரிதான். எவ்வளவு பக்கத்தில் போனாலும் இல்லை என்றால் பேட்டரியை மட்டும் குறை சொல்லக்கூடாது.

*

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது சாவிக்கும் ஒரு பொட்டு வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கும்பிட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பட்டன் மேல் வேண்டாம். தம்பி ஒரு சாவியைப் பிரித்துக் காட்டினார். ரப்பர் பட்டனுக்குக் கீழே சந்தனம் காய்ந்து மஞ்சள் பொருக்காக உட்கார்ந்திருந்தது. அதற்கடியில், போர்டில் அரிசி அகலத்துக்கு ஒரு சுவிட்ச். அதன் ஒரு கால் ஈயத்திலிருந்து விட்டுப்போய், தொட்டால் ஆடிக்கொண்டு இருந்தது. சால்டரிங் அயர்ன் வைத்து ஒரு சொட்டு ஈயம் விட்டார், வேலை முடிந்தது. "இதைத்தான் புதுச் சாவி வாங்கோணும்னு எழுதிக் குடுத்துருக்காங்க பாருங்ணா" என்று இன்னொரு ஊர் சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் ஒன்றைக் காட்டிச் சிரித்தார்.

செல்போன் ரிப்பேர் பார்க்கிற எவராலும் இந்தச் சுவிட்சை மாற்ற முடியும். ரிமோட் செத்துவிட்டது என்று சொல்லப்படும் பழைய சாவிகளில் இதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் என்பது அவர் கணக்கு. நானும் அதை நம்புகிறேன்.

தண்ணீரில் விழுந்த சாவியை அரிசி டப்பாவில் போடுவதால் பயனில்லை. உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டும். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் பேட்டரி போட வேண்டும். ஈரத்தோடு பேட்டரி உள்ளே இருப்பதுதான் செம்புக் கோடுகளைத் தின்னும்.

*

கூடு மாற்றும் கதை. பழைய சாவியின் பிளாஸ்டிக் உடைந்ததும், மடக்குகிற ஃபிளிப் கூடு ஒன்றை ஆன்லைனில் வாங்குகிறோம். போர்டை எடுத்துப் புதுக் கூட்டில் வைக்கிறோம், பல்லையும் வெட்டி மாட்டுகிறோம். கதவு அருமையாகத் திறக்கிறது. வண்டி மட்டும் எடுக்கவில்லை. சிப் பழைய கூட்டுக்குள்ளேயே இருந்து, கூட்டோடு குப்பைக்குப் போயிருக்கும்.

சில வண்டிகளில் சிப் போர்டிலேயே பொருத்தியிருக்கும், அவற்றில் பிரச்சினை இல்லை. பல பழைய வண்டிகளில் அது தனியாக ஒரு கறுப்புத் துண்டு: 12 மில்லிமீட்டர் நீளம், 6 அகலம், 3 தடிமன். சிலவற்றில் கண்ணாடிக் குழாய். கூட்டின் ஒரு மூலையில் பசை போட்டு ஒட்டியிருப்பதால் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்றே தோன்றும். தம்பி அதை எடுப்பதைப் பார்க்க வேண்டும். பிளேடால் கூட்டைச் சிப்பைச் சுற்றிச் செதுக்கி, நெம்பாமல், கடைசியில் கவிழ்த்துத் தட்டி உள்ளங்கையில் விழவைப்பார். நெம்பினால் விரிசல் விடும், விரிசல் விட்டால் அதற்கு உயிரில்லை. வீட்டில் நீங்களே கூடு மாற்றுவதாக இருந்தால் செய்யுங்கள், பழைய கூட்டை மட்டும் ஒரு மாதம் கழித்துத் தூக்கிப் போடுங்கள்.

*

சிப் இல்லாத சாவியைப் போட்டால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலதில் செல்ஃபே சுற்றாது. சிலதில் சுற்றும், பிடிக்காது. சிலதில் பிடித்து ஓரிரு நொடி ஓடி அணையும். இந்த மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்புகிறது. பெட்ரோல் பம்ப், ஃபில்டர் என்று மெக்கானிக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். அதற்கு முன் மீட்டரைப் பார்க்க வேண்டும். சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட சின்ன விளக்கு வேகமாகச் சிமிட்டினால் அது சாவிப் பிரச்சினை. (நம் பெரியநாயக்கன்பாளையத்துப் பிரிகால் இத்தனை வருஷமாக வண்டிகளுக்கு மீட்டர் செய்து அனுப்புகிறது. இந்தப் பக்கத்து மனிதர்கள் ஸ்பீடைத் தவிர அதில் வேறு எதையும் பார்ப்பதில்லை.)

*

அந்தக் காலத்தில் இதெல்லாம் எங்கே? தேய்ந்த அம்பாசடர் சாவி பக்கத்து அம்பாசடரையும் திறக்கும் என்பது டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாவியைத் திருப்பினால் செல்ஃபே எடுக்கும் என்கிற ஏற்பாடே 1949ல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. தூரத்திலிருந்து கதவு திறக்கிற ரிமோட் 1982ல் பிரான்சில் ரெனோ ஃபியூகோவில் வந்தது. சிப் பரவலானது 90களில். ஜெர்மனியில் திருட்டு தாங்காமல் இன்சூரன்ஸ்காரர்கள் 1995 வாக்கில் கட்டாயப்படுத்தினார்கள். பிரிட்டனில் 1998ல் புது வண்டிகளுக்குச் சட்டமாகவே ஆனது. நம் ஊரில் மாருதி ஐகேட்ஸ் என்று பெயர் வைத்துத் தன் வண்டிகளில் போட ஆரம்பித்ததும், "சாவி தொலைஞ்சா தொலைஞ்சது" என்கிற பயம் இங்கேயும் வந்தது.

பயம் நல்லதற்குத்தான். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா வண்டிகள் பல வருஷம் இந்தச் சிப் இல்லாமலே விற்கப்பட்டன. 2022ல் பொடியன்கள் யு.எஸ்.பி. கேபிள் முனையை வைத்து அவற்றை எடுத்துக்கொண்டு போகும் வீடியோக்கள் உலகமெல்லாம் சுற்றின.

*

மாமாவின் ஃபியஸ்டா. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி 2022ல் நின்றது. மாமா நிறுத்தவில்லை. கறிவேப்பிலைக் காட்டுக்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கும் அதில்தான் போகிறார். புது ரிமோட் ஒன்று கிடைத்ததும், "இதுக்குக் கோயமுத்தூர் போகோணுமா மாப்ள?" என்றார். தேவையில்லை. அந்தக் காலத்து ஃபியஸ்டா கையேட்டிலேயே வழி இருக்கிறது. சாவியைப் போட்டு, ஆஃபிலிருந்து ஆனுக்கு ஆறு நொடிக்குள் நான்கு முறை திருப்ப வேண்டும். செல்ஃப் வரை போகக்கூடாது. கடைசியில் ஆஃபுக்கு வந்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம். பத்து நொடிக்குள் புது ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் மறுபடி 'டிங்', அவ்வளவுதான். இருக்கிற பழைய ரிமோட்டையும் அதே மூச்சில் அமுக்கிச் சேர்த்துவிட வேண்டும்.

மாமா சாவியைத் திருப்பும் வேகத்துக்கு ஆறு நொடியில் இரண்டு முறைதான் வந்தது. பேத்தியை உட்காரவைத்தோம், ஒரே தடவையில் முடித்தாள்.

ரிமோட்டுக்குத்தான் இந்த எளிய வழி. சிப்புக்கு வேறு வழி உண்டு, அதுவும் கையேட்டில் இருப்பதுதான். ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஆன் செய்து எடுத்து, சில நொடிக்குள் புதுச் சாவியைப் போட்டு ஆன் செய்தால் மூன்றாவது தானே பதிவாகிவிடும். எட்டுச் சாவி வரை ஏற்கும். ஒரே சாவிதான் கையில் என்றால் இந்தக் கதவு மூடியது, கருவி வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். இரண்டு சாவி உள்ளவனுக்கு மூன்றாவது சும்மா வருகிறது. ஒன்று உள்ளவனுக்கு இரண்டாவதுக்குச் செலவு.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மாருதி, ஹூண்டாய் பழைய மாடல்களில் சிப்பைச் சேர்க்கக் கருவியும் ரகசிய எண்ணும் வேண்டும். இணையத்தில் பார்த்த இன்னொரு கம்பெனியின் மந்திரத்தை நம் வண்டியில் ஓதினால் ஒன்றும் நடக்காது.

*

கம்பெனி ரிமோட் வேறு, வெளியில் போட்ட கிட் வேறு. மாருதி 800, ஆம்னி, அடிமட்ட ஆல்டோ என்று பல வண்டிகளுக்கு சென்ட்ரல் லாக் பின்னால் வந்தது. ஆட்டோகாப் மாதிரி ஒரு பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் கட்டிவிட்டிருப்பார்கள். அதற்கும் வண்டிக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சர்வீஸ் சென்டரில் போய் நின்றால் அவர்களுக்கும் தெரியாது. குனிந்து பெட்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள், மாடல் நம்பர் இருக்கும். பக்கத்தில் வேலே பட்டன் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் இக்னிஷனை ஆன் செய்து அந்தச் சுவிட்சைச் சில முறை அமுக்கினால் ரிமோட் பதியும் நிலைக்குப் போகும். எத்தனை முறை என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். ரிமோட் கிடைக்கவே இல்லை என்றால் பெட்டியையே மாற்றுவதுதான் மலிவு. பாசம் வைக்க வேண்டாம்.

*

அக்கா மகன் வாங்கிய ரிமோட். பார்க்க அச்சு அசல், பட்டன் எண்ணிக்கை கூட ஒன்று. எதற்கும் மசியவில்லை. தம்பி கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து, அதன்மேல் ரிமோட்டை வைத்து அமுக்கினார். திரையில் 315 என்று வந்தது. பழைய ரிமோட்டை வைத்தார், 433.92. "ஜப்பான், அமெரிக்கா பக்கம் 315ங்ணா. நம்ம வண்டி 433. இது ஜென்மத்துக்கும் பேசாது." கூடு ஒன்றாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. வாங்கும் முன் பழைய போர்டின் பின்புறத்தில் அச்சிட்ட நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

*

குழந்தை கையில் ரிமோட்டைக் கொடுத்து அழுகையை நிறுத்துகிறோம். வீட்டுக்குள் உட்கார்ந்து அது நூறு தடவை அமுக்கும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ரிமோட் ஒரு புது எண்ணுக்கு நகர்கிறது. பழைய எண்ணை ஒட்டுக்கேட்டுத் திருப்பிப் போட்டுக் கதவு திறக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்க மைக்ரோசிப் கம்பெனிக்குக் கைமாறிய கீலாக் என்ற முறையில், வண்டி எதிர்பார்ப்பதைவிட 16 எண் வரை முன்னே போயிருந்தால் ஒரே அமுக்கலில் திறக்கும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால்தான் ஒத்துக்கொள்ளும். எனவே ரிமோட் திடீரென்று மறந்ததுபோல் இருந்தால், வண்டிப் பக்கத்தில் போய் விட்டுவிட்டு இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

இந்த ரகசியங்கள் எதுவும் உடையாமல் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2005லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் ஒன்றை உடைத்துக் காட்டினார்கள். மெகமோஸ் என்ற இன்னொரு சிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஃபோக்ஸ்வாகன் 2013ல் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015ல்தான் வெளியே வந்தது. இன்று சாவிக்கடை மேசையில் வைத்துச் சிப்பை நகல் எடுக்க முடிகிறது என்றால், அதற்கு இந்தப் பலவீனங்கள்தான் அடிப்படை. எனக்கு இதில் வருத்தம் இல்லை. பதினைந்து வருஷத்து வண்டிக்குக் கம்பெனி சாவி வராமல் போகும்போது, காப்பாற்றுவது அந்த ஓட்டைதான்.

*

நகல் எடுப்பதும் பதிவு செய்வதும் வேறு வேறு. நகல் என்றால் பழைய சிப்பின் அடையாளத்தையே புதுச் சிப்பில் எழுதுவது. வண்டிக்கு இரண்டும் ஒரே சாவி. வண்டியைத் தொடவே வேண்டாம். பதிவு என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே இருக்கும் 16 துளை ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகி, புதுச் சிப்பை வண்டியின் நினைவில் ஏற்றுவது. ஒரு சாவி தொலைந்துபோய் இன்னொன்று கையில் இருந்தால் பதிவுதான் சரி. பழையது எல்லாவற்றையும் அழித்து இருப்பதையும் புதியதையும் மட்டும் ஏற்றச் சொல்லலாம். தொலைந்த சாவி அப்புறம் கதவைத் திறக்கும், இன்ஜினை எடுக்காது. நகல் போட்டால் தொலைந்ததும் உயிரோடுதான் இருக்கும்.

*

மாசி மகத் தேர். காரமடை அரங்கநாதர் கோயிலைச் சுற்றி அத்தனை கூட்டம், பந்த சேவை, தண்ணீர் சேவை எல்லாம் முடிந்து திரும்பி வந்து வேட்டி மடியைத் தடவினால் சாவி இல்லை. வெளியூர் வண்டி, ஒரே சாவி. தம்பிக்கு அந்த நாட்களில் தூக்கம் கிடையாது.

'ஆல் கீ லாஸ்ட்' என்பார்கள். முதலில் கதவைச் சேதமில்லாமல் திறக்க வேண்டும். பிறகு பூட்டைக் கழற்றி உள்ளே தகடுகளின் உயரத்தைப் படித்து பல் வெட்ட வேண்டும். புது வண்டி வாங்கியபோது சாவியோடு கொடுத்த நம்பர் தகடு பத்திரமாக இருந்தால் இந்த வேலை மிச்சம். அடுத்து சிப். பல வண்டிகளுக்கு சேஸ் நம்பரை வைத்துக் கம்பெனியிடமிருந்து ரகசிய எண் வாங்க வேண்டும். அது நடக்காவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டரையே கழற்றி, உள்ளே நினைவுச் சில்லைப் படித்து, அதில் சாவியை எழுத வேண்டும். இரவு முழுக்க ஆகலாம். இருக்கிற ஒரு சாவியை வைத்து இன்னொன்று போடும் வேலை டீ குடித்து முடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கூலியும் அந்தக் கணக்குப்படிதான் வாங்குவார்கள், அது நியாயமும்கூட.

அந்த அவசரத்திலும் தம்பி ஆர்.சி.யைக் கேட்பார். பெயரைச் சரிபார்ப்பார், லைசென்ஸ் பார்ப்பார். சிலருக்குக் கோபம் வரும். கேட்காமல் வண்டியைத் திறந்து கொடுக்கிற கடைக்காரர் நாளைக்கு உங்கள் வண்டியையும் யாருக்கோ திறந்து கொடுப்பார்.

*

சில்லறைகள்.

வண்டி பேட்டரி பலவீனமாக இருந்தால் செல்ஃப் இழுக்கும்போது வோல்ட்டேஜ் விழுந்து, சிப் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் விடும். சாவியைச் சந்தேகப்படும் முன் பேட்டரியைப் பாருங்கள்.

இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். ஒன்று மற்றதன் பேச்சில் குறுக்கிடும்.

பல் தேய்ந்த சாவியைக் காட்டி நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்துதான் நகலாகும். உபயோகிக்காத இரண்டாவது சாவியைக் காட்டி வெட்டச் சொல்லுங்கள்.

இக்னிஷன் பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பிசினாகும். கிராஃபைட் தூள் போதும்.

*

பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரைத் தட்டுகிறார்கள், பானட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். "ரெண்டாவது சாவி எங்கீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டால், "வீட்டுல எங்கியோ கெடக்குதுங்க, அடுத்த வாரம் குடுத்தனுப்பறேன்" என்று பதில் வரும். சில சமயம் அது பைனான்ஸ்காரரிடம் இருக்கும். சில சமயம் எங்கேயுமே இருக்காது. வண்டி திருட்டுப்போய் இன்சூரன்ஸ் கேட்டால், அவர்கள் முதலில் கேட்பவற்றில் இரண்டு சாவிகளும் அடக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அங்கே இழுபறி ஆரம்பமாகும். ஆகவே பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சாவியையும் நம்பர் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் வண்டி எடுக்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டாவது இல்லவே இல்லை என்றால், அதைப் போட ஆகும் செலவை விலையில் குறைத்துக்கொண்டு, அதே வாரம் சாவிக்கடைக்குப் போய்விடுங்கள்.